காஞ்சனா சொல்லாத பதினோரு நாள்

அத்தியாயம் 14

போன வாரம் பிளெஸ்ஸி பட்டா காட்டனா என்று இரண்டு புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது நான் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். 'ஒரு புடவைக்காக ஒரு வாரம் காத்திருக்கணுமா?' என்று குடியாத்தத்து வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். காட்டன்தான் கட்டினாள் அம்மா, போதுமா? வாருங்கள், அந்தச் சனிக்கிழமைக்குள் போவோம். நல்ல சனிக்கிழமை இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்னால் வீடு. வீட்டுக்காரி ஜெயகுமாரி. மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து காலமான சாந்தகுமாரின் மனைவி. மகன் பிலிப் பஹ்ரைனில். அவன் மனைவி டெபோரா திருப்பதியில் தங்கி ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனியின் பெயர் வேண்டாம். வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள். லாபத்தில் ஒரு பங்கை ஊர்ப் பிள்ளைகளுக்குச் செலவழிக்க வேண்டுமே, அந்தச் செலவைப் பார்த்துக்கொள்வதுதான் டெபோராவின் வேலை.

மகள் பிளெஸ்ஸிக்கு இருபத்தோரு வயது. இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சபை ஹாலில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் சொல்லித் தருகிறாள். அண்ணி மூலமாகக் கம்பெனி உள்ளே வந்தது. பத்து கம்ப்யூட்டர் கொடுத்தது. மஞ்சள் டிஷர்ட் போட்ட தொண்டர்களை அனுப்பியது. அவர்கள் வந்த புதிதில் ஹாலின் கிழக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அடுத்து வந்த கோஷ்டியும் அதே சுவருக்கு அடித்தது. மூன்றாவது கோஷ்டியும் டப்பாவோடு வந்து நின்றபோது, "சார், மேற்குப் பக்கமும் ஒரு சுவர் இருக்குது சார்" என்று பிளெஸ்ஸி கையெடுத்துக் கும்பிட்டது ஏழாவது அத்தியாயத்தில் வந்தது.

இப்போது கம்பெனி பெரிய காரியம் ஒன்று செய்ய முன்வந்திருக்கிறது. எட்டுப் பெண்களுக்குத் திருப்பதியில் மூன்று மாதம் தங்கிப் படிக்கும் பயிற்சி. முடித்தால் பிளாண்டில் வேலை. எட்டு பேருக்கு ஒருவர் குறைந்தாலும் பேட்ச் கிடையாது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். லாரி லோடு ஏற்றுகிறவர், மாம்பழ ஜூஸ் ஃபாக்டரியில் பழம் வெட்டுகிறவர் என்று எல்லாரும் கையூன்றிக் கரணம் போடுகிற குடும்பங்கள். வயசுப் பெண்ணை வெளியூருக்கு அனுப்புவார்களா? அனுப்பச் சம்மதித்ததற்கு ஒரே ஒரு காரணம்தான், கூட பிளெஸ்ஸி டீச்சர் வார்டனாகப் போகிறாள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம் படித்தவர்களுக்குத் தெரியும். பதினேழு வயதில் பிளெஸ்ஸி இன்டர் பரீட்சையில், அதாவது நம்ம பிளஸ் டூவில், ஃபெயிலாகி, மறுபடி சப்ளி எழுதப் போன இடத்தில் பாதிப் பரீட்சையில் எழுந்து, வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறிவிட்டாள். பதினோரு நாள் காணவில்லை. ஊருக்கெல்லாம் 'வேலூர் சித்தி வீட்டுக்குப் போயிருக்கா' என்று சொல்லி மூடினார்கள். அவள் இருந்தது பங்காருபாளையத்தில், மாங்காய் மண்டியில் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போன காஞ்சனாவின் வீட்டில்.

அந்தக் காஞ்சனாவின் மகள் மோகனப்ரியாதான் எட்டுப் பெண்களில் முதல் பெயர்.

வகுப்பில் சேர்க்க வந்த அன்று காஞ்சனா பிளெஸ்ஸியை ஏற இறங்கப் பார்த்தாள். மற்ற தாய்மார்கள் நகரும்வரை காத்திருந்து மெல்லச் சொன்னாள். "நீ யாரோ நான் யாரோ டீச்சர். எனக்கு உன்னைத் தெரியாது. சரியா பாப்பா?" அவ்வளவுதான். இந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாள் கூட அவள் வாய் தவறியதில்லை.

சனிக்கிழமை காலை ஜெயகுமாரி மகளுக்குத் தட்டில் ஐந்தாவது இட்லியை வைத்தாள்.

"போதும்மா! பஸ்ல வாந்தி வரும்."

"இன்னொண்ணு துன்னுடி. அங்க சோறு போட ரெண்டு மணி ஆவும்." வேர்க்கடலைச் சட்னியை மேலேயே ஊற்றினாள்.

"நீயும் வாயேம்மா. அண்ணி ஏற்பாடு பண்ற ஃபங்ஷன். மேடையில எனக்குச் சால்வை போடறாங்களாம். நீ பாக்க வேணாமா?"

"முட்டி வலிடி. அவ்ளோ தூரம் குந்திக்கினு வர என்னால ஆவாது."

"ஏசி பஸ்மா."

"ஏசின்னா இன்னும் வலிக்கும்."

சொல்லிவிட்டு ஜெயகுமாரி சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நாலு கிலோமீட்டர் நடந்து ஜெபக்கூட்டத்துக்குப் போகிற முட்டிக்கு இன்று என்ன வந்தது என்று பிளெஸ்ஸிக்கு யோசனை போகவில்லை. சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் கண்ணில் படாது.

பஸ் பங்காருபாளையத்தில் பெற்றோர்களை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குச் சித்தூர் வந்தது. மஞ்சள் டிஷர்ட்காரர்கள் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். முன் சீட்டில் லோடு ஏற்றும் ஆதிகேசவன். இரண்டு பெண்கள் பெற்றவர், ஊரில் கறாரான ஆள். பெரியவள் எட்டு பேரில் ஒருத்தி.

"டீச்சரம்மா, மீரு உன்னாரனே பம்பிஸ்துன்னா," என்றார். பிறகு, தமிழில் சொன்னால்தான் மனசில் நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பச் சொன்னார். "நீங்க இருக்கீங்கன்னு தான் அனுப்பறேன். நல்ல வூட்டுப் பொண்ணு. ஹெட்மாஸ்டர் சார் பொண்ணு. வேற யார் கூடன்னாலும் என் பொண்ண வாசப்படி தாண்ட விடமாட்டேன்."

பின் சீட்டில் காஞ்சனா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பிளெஸ்ஸிக்கு மட்டும் புரிந்தது.

திருப்பதி ஹோட்டல் ஒன்றின் பெரிய ஹால். முந்நூறு பேர். கம்பெனியின் பிளாண்ட் தலைவர் பாலசுப்பிரமணியன், கோயம்புத்தூர்க்காரர், "கொடுக்கறது எங்க கடமைங்க. வாங்கறவங்க எங்களுக்கு உபகாரம் பண்றீங்க" என்று பேசினார். நல்ல மனுஷர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எட்டுப் பெண்களையும் மேடைக்கு அழைத்து நீலப் பட்டையில் அடையாள அட்டை மாட்டினார்கள். மோகனப்ரியா தன் அட்டையை இறங்கி வருவதற்குள் நாலு முறை திருப்பிப் பார்த்தாள்.

டெபோரா மைக்கைப் பிடித்தாள். கிரே கலர் கோட்டு, கழுத்தில் சின்னச் சிலுவை. "இப்போ ஒரு ஆறு நிமிஷப் படம். இந்த சென்டருக்குப் பின்னால இருக்கற உண்மைக் கதை. இது என் சொந்தக் குடும்பத்தோட சாட்சியும்கூட," என்றாள்.

பிளெஸ்ஸி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாட்சியா? என்ன சாட்சி?

விளக்கு அணைந்தது. முதலில் கிழக்குச் சுவர் வந்தது. கம்ப்யூட்டர் வந்தது. பிள்ளைகள் கை காட்டினார்கள். அப்புறம் சோகமான ஒரு புல்லாங்குழல், அதற்குப் பின்னால் ஜெயகுமாரியின் முகம். திரை முழுக்க.

அம்மாவா? அம்மாவேதான். கிறிஸ்துமஸுக்கு எடுத்த ஊதாப் புடவை.

"என் பொண்ணு பிளெஸ்ஸிக்கு அப்போ பதினேழு வயசு," என்றாள் திரையில் ஜெயகுமாரி. "பரீட்சையில இருந்து ஓடிட்டா. பதினோரு நாள். உசுரோட இருக்காளா இல்லியான்னு தெரியல. ஊருக்குப் பொய் சொன்னோம், சித்தி வீட்டுல இருக்கான்னு."

முந்நூறு தலைகளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பங்காருபாளையத்துல யாரோ கூலிக்காரங்க என் பொண்ண பிடிச்சி வெச்சிக்கினாங்க. ஜூஸ் ஃபாக்டரியில அவள வேலை வாங்கி அந்தக் கூலியத் துன்னாங்க. அவளுக்கு ஒழுங்கா சோறு கூட போடல. கர்த்தர்தான் அந்த வூட்டுல இருந்து என் பொண்ண மீட்டுக் குடுத்தாரு."

திரையில் ஜெயகுமாரி அழுதாள். ஹாலில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். 'அன்று தொலைந்த பெண், இன்று எட்டுப் பேருக்கு வழிகாட்டி' என்று எழுத்து விழுந்தது. விளக்கு வந்தது. கைதட்டல், கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல்!

"பிளெஸ்ஸி, ப்ளீஸ் மேடைக்கு வாம்மா," என்றார் பாலசுப்பிரமணியன் சால்வையை விரித்துக்கொண்டு.

யாரோ மஞ்சள் டிஷர்ட் அவளை எழுப்பி நிறுத்தியது. சால்வை தோளில் விழுந்தது. மேடையிலிருந்து பார்த்தபோது பெற்றோர் வரிசை தெளிவாகத் தெரிந்தது. ஆதிகேசவன் எழுந்து நின்று மகளின் கையைப் பிடித்திருந்தார். காஞ்சனா எழுந்து நின்றிருந்தாள்.

சால்வையோடே ஓடிப்போய் ஹாலுக்கு வெளியே, லிஃப்ட் பக்கத்தில் பிளெஸ்ஸி அவளைப் பிடித்தாள். மோகனப்ரியாவின் கழுத்திலிருந்த நீலப் பட்டையை அவள் அம்மா கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! காஞ்சனாக்கா! எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"எது தெரியாது டீச்சர்?"

"இந்தப் படம். அம்மா பேசினது. எதுவுமே தெரியாது."

காஞ்சனா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "நாலு வருஷம்," என்றாள். "என் புருஷன் கேட்டான், நான் சொல்லல. ஃபாக்டரியில கூட பழம் வெட்டினவளுங்க கேட்டாளுங்க, அந்தப் பொண்ணு யாருடின்னு, சொல்லல. உனக்கு ஒரு பேரு வந்துடக் கூடாதுன்னு. நான் உன் கூலியத் துன்னேனா பாப்பா?"

"இல்லக்கா."

"சோறு போடலியா?"

"போட்டீங்கக்கா. உங்க தட்டுல இருந்து எடுத்துப் போட்டீங்க."

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னுவாங்க. நினைக்க வேணாம். திட்டாம இருந்திருக்கலாம் இல்ல? என் பொண்ணு பக்கத்துல குந்தி இருக்கா. அவ முன்னாடி எங்க வூட்ட திருட்டு வூடு ஆக்கிட்டாங்க உங்கம்மா."

அடையாள அட்டையைப் பிளெஸ்ஸியின் உள்ளங்கையில் வைத்தாள். மோகனப்ரியா லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். டீச்சரைப் பார்க்கவே இல்லை.

அதற்குள் ஆதிகேசவன் வந்தார். இன்னும் இரண்டு அப்பாக்கள் வந்தார்கள். "டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வூட்ட வுட்டு ஓடின பொண்ணு கூட எப்படிம்மா என் பொண்ண அனுப்பறது? பதினோரு நாள் எங்க இருந்தீங்க, யார் கூட இருந்தீங்கன்னு நாளைக்கு ஊர்ல கேட்டா நான் இன்னா சொல்வேன்?"

பத்து நிமிஷத்தில் நாலு அட்டை அவள் கையில். எட்டில் நாலு போனால் பேட்ச் ஏது?

டெபோரா சாப்பாட்டு ஹாலில் விருந்தினர்களுக்கு ஸ்வீட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிளெஸ்ஸி நாலு அட்டைகளையும் அவள் முன்னால் மேஜையில் போட்டாள்.

"அண்ணி, இந்த விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். முந்நூறு பேர் பாத்தாச்சே, இன்னும் நாலு பேர் பாத்தா இன்னா? யார் சொன்னது?"

டெபோரா அட்டைகளை வாரிக்கொண்டு அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் தங்கள் கஷ்டத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. வாசித்து, ஜெபித்து, அங்கேயே கிழித்துவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி டெபோராவின் பொறுப்பில் இருந்தது. 'என் மகள் காணாமல் போயிருக்கிறாள், ஊருக்குத் தெரியாமல் திரும்பி வர வேண்டும்' என்று ஒரு சீட்டு. யாருடையது என்று அன்று தெரியாது, அந்த எழுத்து மட்டும் மனசில் நின்றுவிட்டது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து மாமியாரின் மளிகை லிஸ்ட்டைப் பார்த்த அன்று கையெழுத்து தெரிந்துவிட்டது.

"ஜெபச் சீட்டைக் கொண்டுவந்து சினிமா எடுத்தீங்களா அண்ணி?"

"சீட்டை இல்லடி. அது விண்ணப்பம், ரகசியம், எனக்குத் தெரியும். ஆனா கேட்டது கிடைச்சிடுச்சே! நீ திரும்பி வந்துட்டியே! விண்ணப்பம் நிறைவேறினா சபையில எழுந்து சாட்சி சொல்லணும். நம்மள்ல அதானே வழக்கம்? நாலு வருஷமா அத்தை சாட்சி சொல்லாம மனசுல வெச்சிக்கினு இருந்தாங்க. நான் சொல்ல வெச்சேன். அதுல இன்னா தப்பு?"

அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். அதுதான் கொடுமை. திருடின கையென்றால் தட்டிவிடலாம், கும்பிட்டுக்கொண்டு எடுத்த கையை என்ன செய்வது?

"என்னைக் கேக்கணும்னு தோணலியா?"

டெபோரா தூணுக்கு அந்தப் பக்கம் விருந்தினர்களை எட்டிப் பார்த்தாள். "கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப," என்றாள்.

"அப்போ தெரிஞ்சிதான் செஞ்சீங்க."

"பிளெஸ்ஸி, கம்ப்யூட்டர் குடுத்தோம், சுவர் அடிச்சோம்னு அனுப்பினா தலைமை ஆபீஸ்ல யாரு பாக்கறாங்க? ஒரு கதை வேணும்னாங்க. இந்தப் படத்தைப் பாத்துட்டுதான் எட்டு இடமும் சாங்ஷன் ஆச்சு. அத்தை கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க, நான் எதுவும் திருடல. எட்டுப் பொண்ணுங்களுக்கு வாழ்க்கைடி!"

"எட்டு இல்ல அண்ணி. இப்போ நாலு."

டெபோராவின் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது. அட்டைகளை எண்ணிப் பார்த்தாள். "திங்கட்கிழமை காலையில எட்டு பேர் நிக்கணும். இல்லன்னா அந்த எட்டு இடமும் வேற ஊருக்குப் போயிடும்," என்றாள்.

பிளெஸ்ஸி சால்வையை மடித்து அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறவில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சித்தூர் பஸ் பிடித்தாள். சந்திரகிரி தாண்டும்வரை அழுதாள், பாகாலாவில் அழுகை நின்று கோபம் வந்தது. அம்மாவின் மேல் அவளுக்கு வந்த கோபத்தை இதுவரை பதிமூன்று அத்தியாயத்தில் நீங்கள் பார்த்ததில்லை. பெற்றவள். எந்த விஷயத்தை யாருக்கும் சொல்லாதே என்று பைபிளின் மேல் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாளோ, அவளே ஊதாப் புடவை கட்டிக்கொண்டு காமிரா முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். சொன்னதோடு போனாளா? சோறு போட்டவளைத் திருடி ஆக்கியிருக்கிறாள்.

ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். ஜெயகுமாரி அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். டீ போட்டு ஆறிப்போயிருந்தது. டெபோரா போன் செய்துவிட்டாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"முட்டி வலி சரியாய்டுச்சாம்மா?"

"பிளெஸ்ஸி..."

"எப்போ எடுத்தாங்க?"

"போன மாசம். நீ காலேஜுக்குப் போயிருந்தப்போ."

"ஒரு மாசமா என் மூஞ்சியப் பாத்துக்கினு இட்லி வெச்சிக்கினு இருந்தியா? ஏம்மா? இன்னா குடுத்தாங்க உனக்கு?"

"ஒண்ணும் குடுக்கல." ஜெயகுமாரி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "அந்தப் படம் எடுக்கற பொண்ணு காமிராவ வெச்சிட்டு, 'அம்மா, அந்தப் பதினோரு நாள் நீங்க எப்படி இருந்தீங்க'ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். நாலு வருஷத்துல ஒருத்தர் என்னைக் கேட்டாங்களா? உங்க நைனா கேட்டாரா? நீ கேட்டியா? எல்லாரும் உன்னை விசாரிச்சாங்க, பரீட்சைய விசாரிச்சாங்க, மானத்த விசாரிச்சாங்க. நான் பதினோரு நாளும் பச்சத் தண்ணி குடிக்கலடி. அது கேட்ட உடனே எல்லாம் கொட்டிடுச்சு. படம் ஊர்ல போடுவாங்கன்னு நினைக்கல. யாரோ மேலதிகாரிங்க பாப்பாங்கன்னு தான் டெபோரா சொன்னா. அவங்க மூஞ்சில முழிக்கக் கூச்சமா இருந்துச்சு, அதான் முட்டி வலின்னேன்."

பிளெஸ்ஸிக்குக் கோபம் அதற்குள் அடங்கிவிடுமா?

"சரி. உன் கஷ்டத்தச் சொன்ன. சொல்லிக்கோ. காஞ்சனாக்காவ எதுக்கு இழுத்த? பிடிச்சி வெச்சாங்க, சோறு போடலன்னு எதுக்கு அவ்ளோ பெரிய பொய்?"

"யாரு காஞ்சனா?"

"மோகனப்ரியாவோட அம்மா! அவங்க வூட்டுலதான் நான் இருந்தேன்!"

ஜெயகுமாரி மகளை நிமிர்ந்து பார்த்தாள். எந்த வீடு என்று அவளுக்கு இதுவரை தெரியாது. வகுப்புக்கு வரும்போதெல்லாம் 'வாங்கம்மா, காபி குடிங்க' என்று தானே கையில் டம்ளர் கொடுத்த மோகனப்ரியாவின் அம்மாதான் அந்த வீட்டுக்காரி என்று தெரியாது.

"ஐயோ, கர்த்தரே," என்றாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டாள். "நான் எங்கடி பொய் சொன்னேன்? நீ சொன்னதத் தானே சொன்னேன்?"

அன்பான வாசகர்களே, இதை நான் மூன்றாம் அத்தியாயத்திலேயே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, மன்னியுங்கள். பிளெஸ்ஸியே தனக்குச் சொல்லிக்கொள்ளாத விஷயத்தை நான் எப்படி முந்திக்கொண்டு சொல்வது?

அவள் திரும்பி வந்த அன்று சாயங்காலம். முன்னறையில் நைனா சாந்தகுமார், பாஸ்டர், சபை மூப்பர் இருவர். காஞ்சனா அவளைச் சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டு, 'நான் வூட்டுக்கு வந்தா உன்னைத்தான் சந்தேகப்படுவாங்க, நீ போ பாப்பா' என்று திரும்பிப் போய்விட்டாள். நைனாவின் கை மேலே போயிருந்தது. 'யார் கூடடி போன?' என்று கேட்டார். பதினேழு வயது. அந்தக் கை கீழே இறங்கினால் போதும் என்று இருந்தது. 'நான் போவல நைனா. அவங்கதான் பிடிச்சி வெச்சிக்கினாங்க. விடல. ஜூஸ் ஃபாக்டரியில வேலை வாங்கி கூலிய அவங்களே எடுத்துக்கினாங்க. சோறு கூட போடல' என்றாள். யார், எங்கே என்று கேட்டதற்கு, கூலிக்காரங்க, பங்காருபாளையம், வீடு தெரியாது என்றாள். கை இறங்கியது. நைனா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

இரண்டே நிமிஷப் பேச்சு. அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. நினைக்காமல் பழகிவிட்டாள். ஜெயகுமாரி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு, நாலு வருஷம் அதை மனசில் வைத்து வெந்துகொண்டிருந்தாள்.

பிளெஸ்ஸி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது போன் அடித்தது. காஞ்சனா.

பிளெஸ்ஸி எடுத்தாள். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் அழுந்திவிட்டது. அடுப்படி முழுக்கக் காஞ்சனாவின் குரல் கேட்டது.

"பாப்பா, கோவத்துல பேசிட்டேன். வூட்டுக்கு வந்து யோசிச்சேன். நீ அப்படிப் பேசற பொண்ணு இல்ல. பதினோரு நாள் பாத்திருக்கேன் உன்னை. உங்கம்மா, பெத்த வயிறு, ஆத்தாமையில கட்டிவிட்டுட்டாங்க போல. ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அது உங்கம்மாவா கட்டிவிட்ட கதைன்னு சொல்லு. என் பொண்ண திங்கட்கிழமை நானே கூட்டிக்கினு வரேன். அந்த ஆதிகேசவன் வூட்டுக்கும் போறேன், மத்த ரெண்டு வூட்டுக்கும் போறேன். இந்தப் பொண்ணு என் வூட்டுல என் பொண்ணு பக்கத்துல படுத்துக்கினு இருந்தா, வேற எங்கயும் போவலன்னு நானே சாட்சி சொல்றேன். அதக் கேட்டா அனுப்புவாங்க."

எட்டு பேரும் திரும்பி வந்துவிடுவார்கள். பயிற்சி நடக்கும். ஒரு வார்த்தைதான்.

ஜெயகுமாரி மகளின் முன்னால் வந்து குனிந்தாள். தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினாள். 'நான்தான்னு சொல்லு' என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள். 'சொல்லுடி. நான் சொன்னேன்னு சொல்லிடு.' தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினாள்.

பிளெஸ்ஸி அம்மாவையே பார்த்தாள். காலையிலிருந்து எல்லாரும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அழுதவள். இப்போது அம்மா தன்னையே எடுத்துக்கொள் என்று நீட்டுகிறாள்.

"பாப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"சொல்லு. அந்த வார்த்தைய யார் சொன்னது?"

ஜெயகுமாரி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அம்மா இல்லக்கா," என்றாள் பிளெஸ்ஸி. "நான்தான் சொன்னேன். அன்னிக்கு நைனா அடிக்க வந்தாரு. பயத்துல உங்க மேல பழி போட்டுட்டேன். அம்மா அத நிஜம்னு நம்பி இருந்துட்டாங்க. நான்தான்க்கா."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ லாரி போனது கேட்டது.

பிறகு ஒரு குரல் வந்தது. காஞ்சனாவின் குரல் இல்லை, மோகனப்ரியாவின் குரல். அங்கேயும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தார்கள்.

"டீச்சர், அந்தப் பதினோரு நாளும் என் பாயை உங்களுக்குக் குடுத்துட்டு நான் தரையில படுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். போன் கட் ஆகிவிட்டது.